கட்டம் போட்டதெல்லாம் ரிப்ஸ்டொப் அல்ல

யாழ்ப்பாணத்தில் தண்ணீர் ரொக்கெட் செய்யும் பிள்ளைகளும் அவர்களுக்குப் பணம் கொடுக்கும் பெற்றோரும் இதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ரொக்கெட்டைப் பத்திரமாக இறக்கும் பரசூட் ஒன்றை நகரில் ஒரு கடையில் 4,200 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்துவிட்டேன். கடையின் பெயர் வேண்டாம். பொருளின் அடையாளத்தைச் சொல்கிறேன், அது போதும்.

மருமகனும் நானும் 1.5 லீற்றர் சோடாப் போத்தலில் ரொக்கெட் செய்கிறோம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பால் 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று. ஏற்றுவது சுலபம், பத்திரமாக இறக்குவதுதான் வித்தை. பொலித்தீன் பையில் நாங்களே வெட்டிய பரசூட்டுகள் பத்துக்கு நான்கு விரியாது. அதனால்தான், "ரிப்ஸ்டொப் நைலோன், விட்டம் 90 சென்றிமீற்றர், சோதித்தது" என்று எழுதித் தொங்கவிட்டிருந்ததைக் கண்டதும் ஆசைப்பட்டுவிட்டேன். ரிப்ஸ்டொப் என்பது கிழிசல் ஓடாமலிருக்கக் கட்டம் கட்டமாக நெய்த துணி. இந்தத் துணியிலும் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன. பற்றுச்சீட்டு கேட்டேன். "இந்தச் சாமானுக்கு எதற்குத் தம்பி?" என்றார் கடைக்காரர். நானும் பேசாமல் வந்துவிட்டேன்.

வல்லை வெளியில் ஏவினோம். பரசூட்டை மடித்து வைத்த ரொக்கெட், அதற்கு முன் அரை மணி நேரம் வெயிலில் கிடந்தது. இரண்டு பனை உயரம் போயிருக்கும். உச்சியில் மூக்குக் கூம்பு சரியாகவே கழன்றது. பரசூட் குழல் பிட்டுப்போல உருளையாக வெளியே வந்து, அதே உருளையாகவே தரைக்கும் வந்தது. உயரம் பதியும் கருவி சுக்குநூறு. பரசூட்டைவிட அதன் விலை அதிகம். மருமகன் நின்ற பக்கம் விழவில்லை, அந்த மட்டில் ஆறுதல்.

வீட்டில் விரித்துப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. கட்டங்கள் நெய்தவை அல்ல, அச்சடித்தவை! பின்பக்கம் வெறுமை. உண்மையான ரிப்ஸ்டொப்பில் நெடுக்கும் குறுக்கும் தடித்த இழைகள் ஊடே ஓடும். நகத்தால் வருடினாலே தட்டுப்படும், கிழிசல் அந்த இழையில் நின்றுவிடும். இதன் ஓரத்தில் சிறிது வெட்டி இழுத்தேன், மறுகரை வரை சர்ரென்று போனது. மழைக்கோட்டுக்கான பிளாஸ்டிக் பூசிய துணி அது. வெயிலில் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. எட்டுக் கயிறுகளில் ஒன்றுக்குக்கூடத் தையல் இல்லை, எல்லாம் பசை. விட்டத்தை அளந்தேன்: 68 சென்றிமீற்றர். ஏதோ 22 குறைவு என்று நினைக்க வேண்டாம், பரப்பில் நாற்பது வீதத்துக்கு மேல் போய்விட்டது. விரிந்திருந்தாலும் ஏறக்குறைய 1.3 மடங்கு வேகத்தில்தான் இறங்கியிருக்கும்.

திருப்பிக் கொண்டுபோனேன். "பறக்கிற சாமானுக்கு உத்தரவாதம் இல்லை, தம்பி" என்றார்.

"நான் வாங்கியது இறங்குகிற சாமான், அண்ணை" என்றேன். சிரித்தார், பணம் தரவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்தான். பற்றுச்சீட்டு இல்லாமல் நான் எதைக் காட்டுவது?

வாங்கத்தான் வேண்டுமென்றால் அளவு நாடாவுடன் போங்கள். துணியின் பின்பக்கத்தைப் பாருங்கள், கயிற்றைக் கடைக்காரர் முன்னாலேயே இழுத்துப் பாருங்கள். ஏவுவதற்கு முன் ரொக்கெட்டின் எடைக்குத் தண்ணீர் நிரப்பிய போத்தலை அதில் கட்டி, கீழே ஆள் இல்லாத நேரம் மேல்மாடியிலிருந்து போட்டுப் பாருங்கள். மடிக்கும்போது முகப்பவுடர் தூவினால் மடிப்புகள் ஒட்டாது. துணியில் சந்தேகம் என்றால் வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் கட்டுகிறவர்களிடம் காட்டுங்கள், தொட்டதுமே சொல்லிவிடுவார்கள்.

நேற்றும் அந்தக் கடைப் பக்கம் போனேன். கண்ணாடி அலுமாரியில் இன்னும் மூன்று தொங்குகின்றன: சிவப்பு, மஞ்சள், நீலம்.