மஸ்டாங் டிக்கியில் ஒரு லித்தியம் பேட்டரி: ஆறு சீசன் அனுபவம்

என்னிடம் இருப்பது 1991 ஃபோர்டு மஸ்டாங், 5.0 லிட்டர் வி8. ஃபாக்ஸ் பாடி என்று சொல்கிற பழைய வகை. டெட்ராய்ட் பக்கம் வேலை, சனிக்கிழமைகளில் மைலன் டிராக்வே என்கிற நேர்கோட்டுப் பந்தயத் தடம். (எழுத்தில் இத்தாலிய மிலன் போலவே இருக்கும், ஆனால் மிச்சிகனில் மைலன் என்றுதான் சொல்ல வேண்டும். மிலன் என்றால் ஊருக்குப் புதுசு என்று தெரிந்துவிடும்.) கால் மைலை 12 நொடிச் சொச்சத்தில் ஓடும் கார். அதே காரில் கடைக்கும் போவேன். முழுநேரப் பந்தயக் கார் வைத்திருப்பவர்களுக்கு நான் எழுதுவதில் பாதி பொருந்தாது.

இந்த ஆறு சீசனில் மூன்று பேட்டரி மாற்றியிருக்கிறேன். முதலில் ஒரு கணக்கு. டிராக் ஓட்டுபவர்கள் வாய்ப்பாடாகச் சொல்வது, 100 பவுண்டு, அதாவது 45 கிலோ குறைத்தால் கால் மைலில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு மிச்சம். காரோடு வந்த வகை பேட்டரி சுமார் 16 கிலோ. அதைத் தூக்கி எறிந்துவிட்டு காற்றையே வைத்தாலும் 0.035 நொடிதான் கிடைக்கும். இந்தக் கணக்கை நான் பணம் செலவழித்த பிறகுதான் போட்டுப் பார்த்தேன்.

முதலில் வாங்கியது சின்ன ஏ.ஜி.எம். பேட்டரி, அதாவது அமிலம் தளும்பாத, மூடிய வகை ஈய பேட்டரி. 7 கிலோ, கொள்ளளவு 16 ஆம்பியர்-அவர் (ஒரு ஆம்பியர் கரண்டை 16 மணி நேரம் கொடுக்கும் அளவு). விலை 170 டாலர் சொச்சம். பழைய இடத்திலேயே, பானட்டுக்குள் வலது ஓரத்தில் உட்கார்ந்தது. தட்டு மட்டும் வேறு செய்ய வேண்டியிருந்தது. காரின் மூக்கிலிருந்து 9 கிலோ போய்விட்டது, அரை நாள் வேலை, ஒயரில் கை வைக்கவே இல்லை. இன்றைக்கும் யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். கூடவே கியர் ரிடக்ஷன் ஸ்டார்ட்டர் ஒன்று போட்டால், பழைய ஸ்டார்ட்டரை விட சில கிலோ குறைவு, இழுக்கும் கரண்டும் குறைவு. சின்ன பேட்டரிக்கு அது பெரிய உதவி.

அந்த பேட்டரி இரண்டு சீசன் ஓடியது. செத்தது என் தப்பு. நவம்பரில் கேபிளைக் கழற்றாமல் ஷெட்டில் விட்டுவிட்டேன். ரேடியோ மெமரி மாதிரி சில்லறை விஷயங்கள் மாதக்கணக்கில் உறிஞ்சியதில் ஏப்ரலில் 9 வோல்ட். பெரிய பேட்டரி ஒருவேளை தாங்கியிருக்கும். 16 ஆம்பியர்-அவரில் அந்தச் சலுகை கிடையாது.

அப்புறம்தான் லித்தியம் ஆசை பிடித்தது. லித்தியம் என்றால் போனில் இருப்பது அல்ல, லித்தியம் அயர்ன் பாஸ்பேட். நான்கு செல் தொடராக, 12.8 வோல்ட். தீப்பிடிக்கும் ஆபத்து மற்ற லித்தியம் வகைகளை விட மிகவும் குறைவு. நான் வாங்கியதில் பெரிய எழுத்தில் 30 ஆம்பியர்-அவர் என்று போட்டிருந்தது. எடை இரண்டரை கிலோ. ஒரு கையால் தூக்கி வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன்.

இதை டிக்கிக்குக் கொண்டுபோகலாம் என்று முடிவு செய்தேன். காரணம், பின் அச்சு ஒரே தண்டாக இருக்கும் காரில் கிளம்பும்போது, இன்ஜின் சக்தியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டின் முறுக்கு வலது பின் சக்கரத்தின் அழுத்தத்தைக் குறைக்கப் பார்க்கும். டிரைவர் வேறு இடது பக்கம். அதனால் எடை எதுவாக இருந்தாலும் வலது பின் மூலையில் இருப்பது நல்லது.

டிக்கிக்கு மாற்றிய அந்த நிமிடமே, இந்தப் பந்தயங்களுக்கான அமெரிக்க அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பேட்டரியை ஃபிரேமோடு சேர்த்துக் குறைந்தது இரண்டு 3/8 அங்குல போல்ட்டால் பிடிக்க வேண்டும். மேலே உலோகப் பட்டை கட்டாயம். ஜே வடிவக் கொக்கி போட்டால் அதன் திறந்த முனையை வெல்ட் செய்து மூடியிருக்க வேண்டும். டிக்கிக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உலோகத் தடுப்பு வேண்டும், அல்லது மூடிய பெட்டிக்குள் பேட்டரியை வைத்து, பெட்டியின் காற்றுக் குழாயை வெளியே விட வேண்டும். அலுமினியம் என்றால் தகடு 0.032 அங்குலமாவது இருக்க வேண்டும். நான் பெட்டி வழியில் போனேன்.

ஃபாக்ஸ் பாடி வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: பெட்ரோல் டேங்க் டிக்கித் தரைக்கு நேர் கீழே. டிரில்லரை எடுப்பதற்கு முன் டேங்கை இறக்கிவிடுங்கள். "மெதுவாகத் துளை போடுவேன்" என்பதெல்லாம் வேண்டாம். எனக்கு டேங்கை இறக்கவே ஒரு முழு ஞாயிறு ஆனது.

கேபிள் இன்னொரு வேடிக்கை. டிக்கியிலிருந்து ஸ்டார்ட்டர் வரை நாலரை மீட்டர். மெல்லிய 4 கேஜ் போட்டால் 200 ஆம்பியர் ஓடும்போது கேபிளிலேயே முக்கால் வோல்ட் போய்விடும். தடித்த 1/0 கேஜ் என்றால் 0.3 வோல்ட். அதனால் 1/0 வெல்டிங் கேபிள் போட்டேன். செம்பும் உறையுமாக இரண்டரை கிலோ. பெட்டி, அடித்தகடு, போல்ட், ஸ்விட்ச் எல்லாம் இன்னும் மூன்று. கூட்டிப் பாருங்கள்: இரண்டரை கிலோ பேட்டரிக்காக மொத்தம் 8 கிலோ ஏற்றியிருக்கிறேன். கழற்றிப் போட்ட ஏ.ஜி.எம். 7 கிலோதான்! எடை குறையவில்லை, மூக்கிலிருந்து வாலுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ஆனால் கிளம்பி முதல் 60 அடியைக் கடக்கும் நேரம் 1.78 நொடியிலிருந்து 1.74 ஆனது. அந்த வாரம் டயர் காற்றையும் மாற்றியிருந்தேன், ஆகவே முழுப் பெருமையையும் பேட்டரிக்குக் கொடுக்க முடியாது.

பேட்டரியைப் பின்னால் வைத்தால் காரின் பின்முனையில் ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் வேண்டும். வெளியில் நிற்பவர் அதைத் தள்ளினால் இன்ஜின் உட்பட எல்லாமே நிற்க வேண்டும். பந்தயத்துக்கு முன் காரைச் சோதிக்கும் டெக் ஆய்வில் இன்ஜினை ஓடவிட்டு ஸ்விட்சைத் தள்ளினார் ஆய்வாளர். என் கார் எதுவுமே நடக்காதது மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி துண்டானாலும் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றி, கரண்ட் உண்டாக்கும் கருவி) இன்ஜினுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். ஆல்டர்னேட்டரின் சார்ஜ் ஒயர் பழையபடி முன்னாலேயே சேர்ந்திருந்தது. அன்றைக்கு வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரம் அந்த ஒயரை டிக்கி வரை தனியாக இழுத்து, ஸ்விட்சுக்கு பேட்டரிப் பக்கம் ஃபியூஸோடு சேர்த்த பிறகுதான் நின்றது. அதற்கு இன்னும் கொஞ்சம் செம்பு, இன்னும் கொஞ்சம் எடை. ஆல்டர்னேட்டரின் ஃபீல்டையும் (அதன் காந்தச் சுருளுக்குப் போகும் கரண்டை) சேர்த்து வெட்டும் நான்கு முனை ஸ்விட்ச் போடுவது இன்னொரு வழி.

பேட்டரியின் உண்மை முகம் தெரிந்தது ஜூலையில். முதல் சுற்று வென்று வந்து, இன்ஜினை நிறுத்தி, மின்விசிறியையும் எலக்ட்ரிக் வாட்டர் பம்பையும் ஓடவிட்டேன், இன்ஜின் குளிரட்டும் என்று. இருபது நிமிடம் இருக்கும், விசிறி நின்றது. போதுமான அளவு குளிர்ந்து தானாக நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. டாஷ்போர்டு விளக்குகூட இல்லை. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று, வோல்ட் இறங்கியதும் தன்னைத்தானே துண்டித்துக்கொண்டிருக்கிறது. ஜம்ப் கொடுத்ததும் விழித்தது, ஆனால் அதற்குள் எதிராளி தனியாகவே ஓடி அந்தச் சுற்றை வென்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து பேட்டரியைத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் பொடி எழுத்தில் 128 வாட்-ஹவர். 12.8 வோல்டால் வகுத்தால் 10 ஆம்பியர்-அவர். அந்த 30 என்பது "ஈய பேட்டரிக்குச் சமம்" என்ற கணக்கு. ஸ்டார்ட் அடிக்கும் சக்தியில் அது ஓரளவு உண்மைதான், பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விசிறியும் பம்பும் சேர்ந்து 32 ஆம்பியர் இழுத்தால் இருபது நிமிடத்தில் பத்தரை ஆம்பியர்-அவர் காலி. விசிறிக்கு "சமம்" எல்லாம் தெரியாது.

ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. வோல்ட் இறங்கினால் பெட்ரோல் பம்ப் தளர்ந்து எரிபொருள் குறையும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்திருக்கும்போது அப்படி ஆனால் பிஸ்டனே போய்விடும். ஆல்டர்னேட்டர் இல்லாத பந்தயக் கார்களில் பலர் எட்டு செல் 16 வோல்ட் ஏ.ஜி.எம். வைப்பது இதனால்தான். எடை கூடினாலும், பின்னால் இருக்கும் எடை அவர்களுக்குச் சுமையே இல்லை.

இப்போது இருப்பது மூன்றாவது. அதே லித்தியம் அயர்ன் பாஸ்பேட், உண்மையான 20 ஆம்பியர்-அவர், 5 கிலோ, கிட்டத்தட்ட 600 டாலர். மூன்று சீசன் முடிந்துவிட்டது. நிற்கும்போது 13.3 வோல்ட் காட்டுகிறது. ஒரு நாளில் ஐந்து ஓட்டம் ஓடியும் தடுமாறவில்லை. அக்டோபர் காலைக் குளிரில் முதல் தடவை மட்டும் செல்ஃப் சோம்பேறித்தனமாகச் சுற்றும். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டுவிட்டால் செல்கள் கொஞ்சம் சூடாகி, அடுத்த தடவை சரியாக எடுக்கும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, செல்லுக்குள் லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். அதனால் குளிர்காலம் முழுக்க பேட்டரிக்கு வீட்டு பேஸ்மென்ட்தான். பழைய சார்ஜரில் சல்பேட் நீக்கும் மோட் இருந்தது, அதிக வோல்ட் துடிப்பு அடிக்கும். அதை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டு லித்தியத்துக்கென்றே வேறு வாங்கினேன்.

போன மே மாதம் ஸ்டார்ட்டர் மறுபடி திணறியது. பேட்டரியைச் சந்தேகித்து அதைக் கழற்றிக்கூட வைத்துவிட்டேன். பிறகு மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது மல்டிமீட்டரில் பார்த்தால் எர்த் பக்கம் மட்டும் 0.9 வோல்ட் விழுகிறது. ஃபிரேமில் எர்த் கேபிளின் முனை (லக்) உட்கார்ந்த இடத்தில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வாஷர் போட்டு இறுக்கினேன். 0.2-க்கு வந்துவிட்டது.