கடை மாத்திரையா, தினசரி மாத்திரையா, ஊசியா? அடங்காத ஒற்றைத் தலைவலிக்கு ஓர் ஒப்பீடு

வட சென்னையில் ராயபுரத்தில் கேட்டாலும் எண்ணூரில் கேட்டாலும் தலைவலி வைத்தியம் ஒரே வரிசையில்தான் போகும். முதலில் பர்மா பஜார் கோடாலித் தைலம். கேட்கவில்லையா, மெடிக்கல் ஷாப் மாத்திரை. அதுக்கும் அடங்கலையா, கிளினிக்கில் ஒரு ஊசி. அப்புறம் கண் டாக்டர், மூக்கு டாக்டர், ஸ்கேன். நரம்பு டாக்டரிடம் போவதற்குள் சில வருஷம் ஓடிவிடும். இதெல்லாம் பார்த்துவிட்டு "எதுவுமே கேக்கல" என்று உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கோஷ்டிதான்.

'கேக்கல' என்பதற்கே ஒரு கணக்கு இருக்கிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) குணத்தோடு, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் அது நாள்பட்ட மைக்ரேன். மருந்துக்கு அடங்காத மைக்ரேன் என்பது வேறு. ஐரோப்பியத் தலைவலிக் கூட்டமைப்பு 2020-ல் சொன்ன வரையறைப்படி, குறைந்தது மூன்று வெவ்வேறு வகைத் தடுப்பு மருந்துகளை (வலி வராமல் தடுக்க எடுப்பவை) சரியான அளவில், போதுமான காலம் எடுத்தும் பலன் இல்லாமல், மாதம் 8 நாளாவது ஆளைச் சாய்க்கும் வலி இருக்க வேண்டும். நம்ம பக்கம் 'கேக்கல' என்று சொல்பவர்களில் பலர் ஒரு தடுப்பு மருந்தைக்கூட முழுசாக எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். வலி வரும்போது போடும் மாத்திரையைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்திருப்பார்கள்.

எனவே முதல் போட்டி அந்த மாத்திரைகளுக்குள்ளேயே.

எங்கள் தெரு முனை மெடிக்கல் ஷாப்பில் தினமும் நடப்பது இது. காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் அக்கா கூடையோடு வந்து நிற்பார். "அண்ணே, தலவலி மாத்திர ரெண்டு." கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையில் இரண்டை வெட்டி, துண்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். வெட்டிய துண்டில் பேர் பாதிதான் இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது. என்ன மாத்திரை என்று கேட்டால் "அதான், தலவலிக்குப் போடுறது" என்பார் அக்கா.

பெரும்பாலும் அது எர்கோட்டமின், காஃபீன், பாராசிட்டமால், வாந்திக்கு ஒரு மருந்து எல்லாம் கலந்த கூட்டு மாத்திரை. வாசோகிரெய்ன் அந்த ரகம். வேலை செய்யாது என்று சொல்லவே மாட்டேன், நன்றாகவே செய்யும். சிக்கலும் அங்கேதான். எர்கோட்டமின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அளவு மீறினால் விரல் நுனி மரத்துச் சில்லிட்டுப் போகும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் ஆபத்து. அதைவிட முக்கியம், இந்த வகை மாத்திரையை மாதம் 10 நாள், மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவர ஆரம்பிக்கும். வெறும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் என்றால் அந்த எல்லை 15 நாள்.

எதிர்ப் பக்கம் ட்ரிப்டான்: சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான். 1990-களின் தொடக்கத்திலிருந்து இருக்கும் மருந்து, மைக்ரேனுக்கென்றே செய்தது. வலி லேசாக இருக்கும்போதே போட வேண்டும். நம் ஆட்கள் 'தாங்குற வரைக்கும் தாங்கலாம்' என்று இருந்துவிட்டு, வாந்தி வந்த பிறகு போடுவார்கள். மைக்ரேன் நேரத்தில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், மாத்திரை உள்ளேயே கிடக்கும். அதனால்தான் டாக்டர்கள் வாந்தி மாத்திரையையும் சேர்த்துத் தருகிறார்கள். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களும் பிபி கட்டுக்குள் இல்லாதவர்களும் ட்ரிப்டான் பக்கமே போகக் கூடாது. இதற்கும் மாதம் 10 நாள் எல்லை உண்டு. எர்கோட்டமினையும் இதையும் 24 மணி நேரத்துக்குள் சேர்த்துப் போடக் கூடாது. இரண்டில் எது என்றால், இதயம் சரியாக இருப்பவருக்கு நான் யோசிக்காமல் ட்ரிப்டான் என்பேன். ஆனால் வாரத்தில் மூன்று நாள் வலிக்கிறது என்றால் இரண்டுமே தப்பான விடை.

அங்கிருந்துதான் தினசரி மாத்திரை, அதாவது தடுப்பு மருந்து. இதைத்தான் யாரும் விரும்புவதில்லை. "வலி இல்லாத அன்னிக்கும் எதுக்கு மாத்திர?" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிற மாதிரிதான் தோன்றும். ஆனால் இவை வந்த வலியை அடக்கும் மருந்துகளே இல்லை; வலி வரும் நாட்களைக் குறைப்பவை. மாதம் 12 நாள் என்பது 6 ஆனாலே வெற்றி என்பதுதான் மருத்துவர்களின் அளவுகோல். அதுவும் சரியான அளவை எட்டி எட்டு வாரமாவது போன பிறகுதான் தெரியும். பத்தே நாளில் "ஒண்ணும் தெரியல" என்று நிறுத்துபவர்கள் மருந்தைச் சோதித்ததாகவே கணக்கில்லை.

இதற்குள் எது பெரியது என்று கேட்பது வீண். உங்கள் உடம்பில் வேறென்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பிபியோ படபடப்போ இருந்தால் ப்ரொப்ரனலால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் வீசிங் இருந்தால் கூடவே கூடாது, மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். மணலி, எண்ணூர் பக்கம் ஆலைப் புகைக் காற்றைச் சுவாசிப்பவர்கள் இதை மட்டும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தூக்கமே வராமல் புரள்பவருக்கு இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் நல்ல ஆரம்பம். வாய் வறளும், எடை கூடும், காலையில் தலை கனக்கும். விடியற்காலை இரண்டு மணிக்கு மீன் ஏலத்துக்குப் போகிறவர் இதை எப்போது போடுவது என்பது நிஜமான சிக்கல்; மாத்திரைச் சீட்டில் 'இரவு' என்றுதான் எழுதியிருக்கும், அவருக்கு எது இரவு என்று கேட்டுத்தான் எழுத வேண்டும்.

ஃப்ளூனரிசின் நம் நாட்டில் நிறைய எழுதித் தரப்படுகிறது. பலன் உண்டு, ஆனால் பசி கூடும், எடை ஏறும், மனச்சோர்வு இருந்தவருக்கு அது திரும்பலாம். வயதானவர்களுக்குக் கை நடுக்கம் வரலாம். டோபிராமேட் நேர் எதிர், எடையைக் குறைக்கும். விரல் நுனியில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், பேசும்போது வார்த்தை தொண்டையில் நிற்கும், சிறுநீரகக் கல் இருந்தவருக்கு ஆகாது. கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்கும் வேலை என்றால் நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். கர்ப்பத்துக்கு வாய்ப்புள்ள பெண்களுக்கு டோபிராமேட்டும், இன்னொரு தடுப்பு மருந்தான வால்ப்ரோயேட்டும் வேண்டாம். குழந்தையைப் பாதிக்கும்.

இவற்றில் மூன்று வகை பார்த்தும் கேட்காதவர்களுக்குத்தான் ஊசிக் கட்டம்.

போடாக்ஸ் என்றதும் சினிமாக்காரர்கள் முகச் சுருக்கத்துக்குப் போடுவது என்று சிரிப்பார்கள். நாள்பட்ட மைக்ரேனுக்கு 2010-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்த சிகிச்சை அது. நெற்றி, நெற்றிப்பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் என்று 31 இடத்தில் சின்னச் சின்னக் குத்தாக மொத்தம் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒரு முறை. முதல் சுற்றிலேயே கேட்கும் என்றில்லை, இரண்டாவதும் பார்க்க வேண்டும். மாதம் 15 நாளுக்குக் கீழே வலிப்பவருக்கு இதனால் பலன் நிரூபணமாகவில்லை. அதைச் சொல்லாமல் ஊசி போட்டுவிடும் இடங்களும் இருக்கின்றன, கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது எரெனுமாப் போன்ற சிஜிஆர்பி ஊசி. மைக்ரேனைத் தூண்டும் சிஜிஆர்பி என்ற பொருளைத் தடுப்பது, மாதம் ஒருமுறை தொடையிலோ வயிற்றிலோ நாமே போட்டுக்கொள்வது. 2018-ல் அமெரிக்காவில் அனுமதியானது. பழைய மாத்திரைகளெல்லாம் வேறு நோய்க்கு வந்து மைக்ரேனுக்கு மாறியவை. இது மைக்ரேன் எப்படி வருகிறது என்பதைப் பார்த்தே செய்தது. மலச்சிக்கல், கொஞ்சம் பிபி தவிர தொந்தரவு குறைவு. மருந்தாக மட்டும் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2024-ல் இதை முதல் வரிசைக்கே கொண்டுவந்துவிட்டது. அது அவர்கள் ஊர் இன்ஷூரன்ஸ் கணக்கு. இங்கே மாதாமாதம் கைக்காசு போட்டு எத்தனை மாதம் தாங்கும் என்று முதலிலேயே உட்கார்ந்து பாருங்கள். நடுவில் நிறுத்தினால் வலி திரும்ப வாய்ப்பு அதிகம்.

பலரும் கேள்விப்படாதது மூன்றாவது: பின்மண்டை நரம்பில் மரத்துப்போகும் மருந்து போடும் நரம்பு பிளாக். சில நிமிட வேலை, மற்ற இரண்டையும் பார்க்கச் செலவு கொஞ்சம். நிவாரணம் சில நாள் முதல் சில வாரம். நிரந்தரம் இல்லை. ஆனால் கடை மாத்திரையை நிறுத்தும்போது முதல் வாரம், பத்து நாள் வலி உச்சத்துக்குப் போகும் இல்லையா, அந்தக் கணவாயைத் தாண்ட இதைவிடப் பொருத்தமான உதவி எனக்குத் தெரியாது.

தைலம், சுக்குப் பத்து, நொச்சி ஆவி: அந்த நேரத்துக்கு இதமாக இருந்தால் செய்யுங்கள், தடுப்பாக நம்பாதீர்கள். வாசனையே ஆகாதவர்களுக்குத் தைலம் வலியைக் கூட்டும். ஆவி பிடிப்பவர்கள் பெரும்பாலும் 'சைனஸ்' என்று நினைத்துத்தான் பிடிக்கிறார்கள். 2004-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் சைனஸ் தலைவலி என்று சொன்ன 2,991 பேரில் 88 சதவீதத்தினருக்கு இருந்தது மைக்ரேன் வகை. தலைக்குக் குளித்தால் வலி வரும் என்று அம்மாக்கள் சொல்வது மட்டும் கட்டுக்கதை இல்லை. இந்திய நோயாளிகளிடமே அது பதிவாகியிருக்கிறது. அக்குபஞ்சர் பற்றி, பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் தொகுப்பு 2016-ல் பார்த்தது: தடுப்பு மாத்திரைகளுக்குக் குறையாத பலன், ஆனால் போலி ஊசிக்கும் அதற்கும் வித்தியாசம் சின்னது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் முயலலாம்.

எங்கே போவது? தினசரி மாத்திரைக் கட்டத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை போதும் என்பது என் கட்சி. சீட்டு வாங்க, டாக்டர் அறைக்கு வெளியே, மருந்து வாங்க என்று மூன்று வரிசை. அரை நாள் கூலி போகும். ஆனால் மருந்துக்குக் காசில்லை, மாதாமாதம் தொடர வேண்டிய வைத்தியத்தில் அதுதான் பெரிய விஷயம். ஒரே டாக்டரைத் திரும்பப் பார்ப்பது நிச்சயமில்லை என்பதால் நோட்டில் மருந்தின் பேர், அளவு, எந்தத் தேதியில் ஆரம்பித்தது, வலித்த நாள் எத்தனை என்று நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். போடாக்ஸ், மாத ஊசி என்றால் தனியாரில் தலைவலிக்கென்று பார்க்கும் நரம்பியல் மருத்துவர். போகும்போது அதே நோட்டைக் கொண்டுபோனால் ஏற்கெனவே பார்த்த மாத்திரையை மறுபடி எழுதும் முதல் மூன்று மாதம் மிச்சம்.

திடீரென்று நொடியில் உச்சத்துக்குப் போன வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த தலைவலி, கர்ப்பத்தில் பிபியோடு வரும் தலைவலி: இவை எதற்கும் மேலே சொன்ன ஒப்பீடு பொருந்தாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள், ராத்திரியாக இருந்தாலும்.