சேலத்தில் அம்மாவின் சாமான்களுக்கு ஓர் அறை

ஐப்பசி மழை பிடிக்கும் நேரத்தில் மெல்போர்னில் இருந்து ஊருக்கு வந்தேன். ஐந்து வார விடுப்பு. அம்மாப்பேட்டையில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். அதுவரை அம்மா அஸ்தம்பட்டியில் ஒரு சின்ன போர்ஷனில் இருப்பார். நாற்பது வருடச் சாமானில் பாதி கூட அங்கே அடங்காது. மீதியை ஒன்றரை வருடம் எங்கே வைப்பது என்பதுதான் இந்தப் பயணத்தில் என் முழுநேர வேலையாக இருந்தது.

முதலில் ஏற்காட்டு மாமா கூப்பிட்டார். “மாடி ரூம் சும்மாதான் கிடக்குது, காசு கொடுத்து எதுக்கு வெளியில வைக்கிற?” என்றார். ஆசையோடு சொன்னவரிடம் போய்ப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். அறை விசாலமானது, பூட்டும் நல்லது. ஆனால் அங்கிருந்த மர அலமாரியைத் திறந்ததும் ஓத வாடை முகத்தில் அடித்தது. கீழ்த்தட்டில் இருந்த தோல் செருப்பில் வெள்ளையாகப் பூஞ்சணம். 1,500 மீட்டர் உயரம். மழைக் காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும். பித்தளை அண்டாவில் பச்சை பிடித்தால் புளி போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். அப்பாவின் புத்தகங்களையும் ஆல்பங்களையும் அப்படி மீட்க முடியாது. 2024 டிசம்பரில் ஃபெங்கல் புயல் மழைக்கு அந்த மலைப்பாதையில் மண் சரிந்ததும் நினைவுக்கு வந்தது. அண்டா குண்டாக்களை மட்டும் அங்கே வைப்பதாகச் சொன்னேன். மாமாவுக்கும் அது சரியாகப் பட்டது.

அப்புறம் சேலத்தில் மூன்று இடங்கள் பார்த்தேன்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய குடோன். மூன்றிலும் வாடகை குறைவு இங்கேதான். ஆனால் ஒரே கூரையின் கீழ் அடுத்த தடுப்பில் வெல்ல மூட்டைகள். வெல்லம் இருக்கும் இடத்துக்கு எறும்பும் எலியும் அழைப்பு இல்லாமலே வரும். செல்போன் விளக்கைப் போட்டுப் பின்சுவரைப் பார்த்தேன். தரையில் இருந்து பென்சில் பருமனில் ஒரு மண்கோடு மேலே ஏறிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டினேன், உள்ளே வெள்ளையாகக் கரையான் ஓடியது. தேக்கு பீரோவுக்குப் பயமில்லை என்று வைத்துக்கொண்டாலும், அதற்குள் இருக்கும் காகிதம் என்ன ஆகும்? கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

இரண்டாவது, பைபாஸ் ஓரத்தில் ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கம்பெனியின் கிடங்கு. கண்ணுக்குச் சுத்தம். கான்கிரீட் கூரை, கேமரா, தீயணைப்பான், சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்கிய பெட்டிகள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகும் என்பதால் கூரையைத்தான் முதலில் பார்த்தேன். எல்லாம் பிடித்துப்போய் முன்பணம் கொடுக்கும் எண்ணத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “எனக்கு ஏதாச்சும் வேணும்னா நானே போய் எடுத்துக்கலாமா, கண்ணு?”

முடியாது. பொருள்களை மரப்பெட்டியில் போட்டு சீல் வைத்துவிடுவார்கள். ஒரு பெட்டியை இறக்க ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டும், ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம். பொருள் பத்திரமாக இருந்தால் போதும் என்று மெல்போர்ன் பழக்கத்தில் யோசித்துக்கொண்டிருந்தேன். இது அம்மாவின் வீடு. பாதி வீடுதான் கண்ணெதிரே இல்லாமல் இருக்கப் போகிறது. அவரே ஆட்டோவில் போய், திறந்து, தொட்டுப் பார்த்துவிட்டு வர முடிகிற இடமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது இடத்தில் அது கிடைத்தது. வரிசையாக ஷட்டர் போட்ட தனித்தனி அறைகள், பூட்டும் சாவியும் நம்முடையது, காலை முதல் மாலை வரை எப்போதும் போகலாம். ஆனால் தரைத்தளம். திருமணிமுத்தாறு நிரம்பினால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்று கிடங்குக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். எதிரே டீக்கடையில் கேட்டேன். “ரோட்டுல முழங்கால் வரைக்கும் வரும்ணா. ஆனா அந்தக் கட்டடத்துப் படிய இதுவரைக்கும் தாண்டினதில்ல” என்றார் மாஸ்டர். போய்ப் படிகளை எண்ணினேன், நான்கு. அது போதும் என்று பட்டது. இருந்தாலும் எல்லாவற்றையும் பலகை மேல்தான் அடுக்கச் சொன்னேன்.

நூறு சதுர அடி அறையே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. சொன்ன வாடகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் நான் நின்று படித்த இடங்கள் இரண்டு. வாடகை எத்தனை மாதம் நின்றால் பொருளை ஏலம் விடுவார்கள் என்பது ஒன்று. வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்த நோட்டீஸ் எங்கே வரும்? என் மின்னஞ்சலையும் தம்பியின் முகவரியையும் சேர்த்து எழுத வைத்தேன். இன்னொன்று இன்சூரன்ஸ். தீ, திருட்டு, வெள்ளம் மூன்றும் அதில் இருந்தன. எலியும் கரையானும் இல்லை. அதனால் பூச்சி மருந்து கடைசியாக அடித்த ரசீதைக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். வாடகை என் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) இருந்து மாதாமாதம் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டேன்.

நகை, பத்திரம் எல்லாம் வங்கி லாக்கருக்குப் போயின. பட்டுப்புடவைகளை அம்மா தன்னோடு வைத்துக்கொண்டார். அவற்றை அவ்வப்போது மடிப்பு மாற்றாவிட்டால் ஜரிகை மடிப்பிலேயே விட்டுப்போகும். ஃபிரிட்ஜை இரண்டு நாள் முன்பே அணைத்துத் துடைத்து, கதவு மூடாதபடி இடையில் ஒரு துணியைச் சுருட்டி வைத்தோம். இன்வெர்ட்டர் பேட்டரியையும் சிலிண்டரையும் அங்கே வைக்க விடமாட்டார்கள். வைக்கவும் கூடாது.

சாமான் ஏற்றிய அன்று இரண்டு குட்டியானை வண்டிகள். லோடுமேன்கள் பெரிய சாமானை உள்ளே தள்ளிக்கொண்டிருக்க, அம்மா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து எது முன்னால், எது பின்னால் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அகல் விளக்குப் பெட்டியை ஷட்டரை ஒட்டி வைக்கச் சொன்னார். ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

நான் மெல்போர்ன் திரும்பி வந்த பிறகு கார்த்திகை அன்று இரவு தம்பி ஒரு படம் அனுப்பினான். அஸ்தம்பட்டிப் போர்ஷனின் படிக்கட்டில் எங்கள் வீட்டு அகல்கள் எரிகின்றன. முதல் நாள் அம்மாவே ஆட்டோ பிடித்துப் போய் எடுத்து வந்தாராம்.