கணுவை எடுப்பதா, கட்டியை மட்டுமா?

கடலூர் முதுநகரில் வலை பின்னும் மாமாவுக்கு விரல் நுனியில் வலியில்லாத ஒரு கட்டி. மீன் முள் குத்தியது என்று வருஷக்கணக்கில் விட்டுவிட்டார். சதைத் துணுக்கு சோதனையில்தான் தெரிந்தது: டிஜிட்டல் பாப்பில்லரி அடினோகார்சினோமா, வியர்வைச் சுரப்பியில் வரும் அபூர்வப் புற்றுநோய்.

வழி இரண்டு. கட்டி இருக்கும் விரல் கணுவையே, அதாவது விரலின் அந்தத் துண்டையே, எடுத்துவிடலாம். அல்லது சுற்றியுள்ள நல்ல சதையோடு கட்டியை அகலமாக வெட்டி, ஓரம் சுத்தமா, அதாவது வெட்டிய விளிம்பில் புற்றுச் செல் மிச்சம் இல்லையா என்று நுண்ணோக்கியில் பார்க்கலாம். மேலோட்டமாக நோண்டினால் அதே இடத்தில் திரும்ப வரும்.

வலை ஊசி பிடிக்கிற கைக்கு ஒரு கணு சின்ன விஷயமா? கட்டி எலும்பைத் தொடாமல் இருந்து, ஓரமும் சுத்தமாகக் கிடைத்தால் இரண்டாவதுதான் என் கட்சி. எலும்பில் இறங்கியிருந்தால், சரி, கணு போகட்டும். எதைச் செய்தாலும் பல வருஷம் கழித்துக்கூட நுரையீரலுக்குப் பரவலாம். மார்பு ஸ்கேனை விடக்கூடாது.