டெமோ பீஸில் கேட்ட சத்தம் வேறு, டப்பாவில் வந்தது வேறு

கோயமுத்தூரில் சின்ன கிட்டார் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஸ்பீக்கர் பெட்டி) தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடைப் பெயரை எழுதப் போவதில்லை. என் கையில் பில் இல்லை. ஏன் இல்லை என்பது கீழே வரும், அதில் என் பங்கும் உண்டு.

எனக்கு வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில். லீவு நாளில் கிட்டார். வளைகாப்பு, பிறந்தநாள் என்று முப்பது நாற்பது பேர் கூடும் இடங்களில் வாசிப்பேன். டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிற அளவில், பேட்டரியில் ஓடுகிற ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

கடையில் டெமோவுக்கு வைத்திருந்ததில் வாசித்துப் பார்த்தேன். கடைக்காரர் கிட்டாரையே செருகிக் கொடுத்தார். சத்தம் கணீரென்று இருந்தது. விலை 9,500. "பில் போட்டா ஜி.எஸ்.டி. சேருமுங்க சார், எஸ்டிமேட் போட்டுக்கலாமுங்களா?" என்றார். எஸ்டிமேட் என்றால் பில் இல்லாத வெறும் துண்டுச் சீட்டு. மிச்சமாகிறதே என்று நானும் தலையாட்டினேன். டெமோ பீஸையே கேட்டதற்கு, "அதுல நாளெல்லாம் பத்துப் பேரு கை வெக்கறாங்க, உங்களுக்கு சீல் பீஸ் தர்றேனுங்க" என்று உள்ளேயிருந்து ஒரு டப்பா வந்தது. தூக்கினால் டெமோவைவிட லேசாக இருந்தது. சந்தேகப்பட வேண்டிய இடம் அது. நானோ, பஸ்ஸில் கொண்டு போக வசதி என்று சந்தோஷப்பட்டேன்.

வீட்டில் என் கிட்டாரைச் செருகியதுமே தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம். என்னுடையதில் பிரீஆம்ப் (சிக்னலை முதலில் பலப்படுத்தி அனுப்பும் சின்ன சர்க்யூட்) கிடையாது, கம்பி அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் வெறும் பீசோ பிக்கப். அதற்கு ஆம்ப் பக்கம் சுமார் 1 மெகாஓம் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு ஆம்ப் காட்டும் மின்தடை) வேண்டும். கிட்டார் ஆம்ப் என்றால் அது இருக்கும். மைக்குக்குச் செய்த போர்டில் கிட்டார் ஜாக்கை மட்டும் மாட்டியிருந்தால் இருக்காது, அடிச்சுரம் எல்லாம் காணாமல் போகும். கடைக்காரரின் கிட்டாரில் பிரீஆம்ப் இருந்ததால், அதை எதில் செருகினாலும் சுமாராகக் கேட்டிருக்கும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது கம்பி பழசு என்று நினைத்து, புதுக் கம்பிக்கும் செலவழித்தேன்.

அடுத்த வாரம் ஆனைமலைப் பக்கம் தோட்டத்து வீட்டில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான். குழந்தையை மடியில் வைத்திருந்து, அது அழுது ஓய்ந்த பிறகு கிட்டாரை எடுத்தேன். அன்றைக்கு அந்தப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பரவாயில்லை, டப்பாவில் எட்டு மணி நேரம் என்று போட்டிருக்கிறதே. நாற்பதாவது நிமிடத்தில் சத்தம் கரகரத்தது, நடுப்பாட்டில் நின்றே போனது. முன்வரிசையில் இருந்த அம்மாயி (அம்மாவின் அம்மா), "என்ன சாமி, கம்பி அந்து போச்சா?" என்று கேட்டது. வந்திருந்த ஒரம்பரை (உறவுக்காரர்கள்) மொத்தமும் சிரித்தது. மிச்சப் பாட்டை ஆம்ப் இல்லாமலே வாசித்தேன், பந்திக்குப் போனவர்கள் போக மீதிப் பேர் கேட்டார்கள்.

திரும்பும் வழியில் பொள்ளாச்சியில் தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். "ஏனுங் தம்பி, ரெண்டு செல்லுக்கு எடம் வெச்சு ஒன்னுதான் போட்டிருக்கறானுங்க" என்று காட்டினார். இருந்த ஒற்றை 18650 ரக லித்தியம் செல்லின் மேல் கொள்ளளவு 9900 எம்.ஏ.எச். (மில்லிஆம்பியர்-மணி) என்று அச்சு. அந்த அளவு செல்லில், நல்ல கம்பெனிச் சரக்கே 3500-ஐ ஒட்டித்தான் வரும். இதைச் சார்ஜ் ஏற்றி இறக்கி அளந்தால் 1100. கணக்குப் போடுங்கள்: 3.7 வோல்ட்டை 1.1 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் ஏறக்குறைய 4 வாட்-மணி. எட்டு மணி நேரம் ஓட வேண்டுமென்றால் சராசரியாக அரை வாட்தான் கிடைக்கும். போர்டு கரோக்கி ஸ்பீக்கருடையது. டப்பாவில் பெரிதாக 40 வாட், பக்கத்தில் எறும்பு சைஸில் பி.எம்.பி.ஓ., அதாவது கணநேர உச்ச வாட். அந்த எண்ணை யார் எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட்டைத்தான் பார்க்க வேண்டும். அடியில் ஸ்டிக்கரில் சார்ஜர் 5 வோல்ட் 1 ஆம்பியர் என்று இருந்தது, அதாவது 5 வாட். அதைக் கடையிலேயே திருப்பிப் பார்த்திருக்கலாம்.

கடைக்குப் போனேன். "பிரிச்ச பொருள எப்படிங்க சார் எடுக்கறது?" என்றார் அதே மரியாதையோடு. பில் கேட்டேன், எஸ்டிமேட் சீட்டில் கடைப் பெயரே இல்லை. பணம் போன ஜிபே நம்பரும் வேறு யாரோ பெயரில். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமும் இல்லை. எல்லாம் சரி, நான் அங்கேதான் வாங்கினேன் என்று காட்ட என்னிடம் இருப்பது ஒரு ஸ்கிரீன்ஷாட்.

போகிறவர்கள் உங்கள் கிட்டாரைக் கொண்டு போங்கள். எந்த டப்பா வீட்டுக்கு வரப்போகிறதோ அதைப் பிரித்து, சார்ஜர் செருகாமல், வால்யூமை முக்கால் வைத்து அரை மணியாவது வாசியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இப்போது நண்பனின் ரோலண்ட் மைக்ரோ கியூப் ஜி.எக்ஸை இரவல் வாங்கி ஓட்டுகிறேன். 3 வாட், 5 இஞ்ச் ஸ்பீக்கர், ஆறு டபுள் ஏ செல். வால்பாறைக்குப் போனாலும் பெட்டிக்கடையில் செல் கிடைக்கும் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. கூட்டம் பெரிதென்றால் அதிலிருந்து மைக் செட்டுக்கு ஒயர் கொடுத்துவிடலாம்.

அந்த 9,500 ரூபாய்ச் சாமானை அம்மாயி எடுத்துக்கொண்டது. விடிகாலையில் முருகன் பாட்டுக் கேட்கிறது. இரண்டாவது பாட்டுக்கே சார்ஜரைத் தேடுகிறதாம்.