ரெஸ்யூமேயா, கவர் லெட்டரா? ஊர்ப்பக்கம் வேலை தேடுகிறவர்களுக்கு

சென்னை அக்கவுண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டுத் திருநெல்வேலியிலேயே வேலை தேடியபோது, ரெஸ்யூமேயை அதிகம் தொடவில்லை. அதோடு சேர்த்து அனுப்பும் விண்ணப்பக் கடிதமான கவர் லெட்டருக்குத்தான் மெனக்கெட்டேன்.

ரெஸ்யூமே எல்லோருக்கும் தெரிந்ததுதான். படிப்பு, பார்த்த வேலை, டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் 2 பக்கத்துக்குள் அடங்கும். அப்பா பெயர், மதம், கடைசியில் உறுதிமொழி என்று ஜெராக்ஸ் கடைகளில் இன்னும் அடித்துத் தரும் பயோடேட்டா தனியார் வேலைக்கு வேண்டியதில்லை. ரெஸ்யூமேயை ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் அவ்வப்போது தட்டிக்கொட்டினால் போதும்.

ஆனால் அது ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் என் ரெஸ்யூமேயைப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? 'மெட்ராஸ்ல இருக்க ஆளு இங்க எதுக்கு வாராரு? இந்தச் சம்பளம் கட்டுமா? ரெண்டு மாசத்துல ஓடிருவாரோ?' இதற்குப் பதில் சொல்ல ரெஸ்யூமேயில் இடமே கிடையாது. கவர் லெட்டரில் மூன்றே வரி எழுதினேன்: 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் பாளையங்கோட்டைக்கே குடிவந்துவிட்டேன். இங்குள்ள சம்பள நிலவரம் தெரிந்துதான் விண்ணப்பிக்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் ஸ்டாக் கணக்கை, மாதக் கடைசியில் குடோனில் எண்ணிச் சரிபார்ப்பதுவரை பார்த்திருக்கிறேன்.' இன்டர்வியூவில் முதல் கேள்வியே, "அம்மாவுக்கு இப்பம் எப்படி இருக்கு?" வேலை கிடைத்தது. கடிதத்தால் மட்டும்தானா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊருக்கு வந்த காரணத்தை அங்கே யாரும் கேட்கவில்லை.

குழந்தை பிறந்து சில வருஷம் வீட்டில் இருந்தவர்கள், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன் என்று லைப்ரரியிலேயே காலம் போனவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். ரெஸ்யூமேயில் அது வெறும் ஓட்டை. கடிதத்தில் ஒரு வரிக் காரணம்.

தொந்தரவு என்னவென்றால், ஒவ்வொரு கம்பெனிக்கும் புதிதாக எழுத வேண்டும். பழையதை அப்படியே அனுப்பி அதில் வேறு கம்பெனி பெயர் கிடந்தால் கதை முடிந்தது. அரைப் பக்கம் தாண்டக் கூடாது. தனி ஃபைலாக வைக்காமல் மெயிலிலேயே எழுதி, ரெஸ்யூமேயைப் பிடிஎஃப்பாக இணைப்பதுதான் என் வழக்கம். போனில் மெயில் பார்க்கிறவர் இணைப்பைத் திறக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுவார்.

பெரிய ஐடி கம்பெனிகளுக்கு நான் போட்டதில்லை. அங்கே பல இடங்களில் சாப்ட்வேர்தான் முதலில் வடிகட்டுகிறது. விளம்பரத்தில் உள்ள வார்த்தைகள் ரெஸ்யூமேயில் இருக்கிறதா என்று பார்க்கும். அதற்கு ரெஸ்யூமேதான் முக்கியம். அரசு வேலைக்கு இரண்டுமே வேண்டாம், அவர்கள் கொடுக்கும் ஃபாரம்தான்.