எஞ்சின் மாற்றிய பிறகு வந்த நடுக்கம்: யாழ்ப்பாணத்தில் ஒரு கிழமை

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் கிழமை ரொறொன்ரோவிலிருந்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். சித்தப்பா தன் காரிலேயே ஏற்ற வந்திருந்தார். 1998ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா 110. கதவைத் திறந்து ஏறி இருந்ததுமே ஸ்டியரிங் நடுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணாடிக்கு முன்னால் வைத்திருந்த சின்னப் பிள்ளையார் சிலையும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஓடத் தொடங்கியதும் நடுக்கம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வீதிச் சந்தியில் நிறுத்தியபோது திரும்பவும் வந்தது. ஏசியைப் போட்டபோது எஞ்சின் ஒரேயடியாக நின்றே போனது.

"எஞ்சின் மாத்தி நாலு மாசம். ஓட ஓடச் சரிவரும் எண்டு சொன்னவங்கள்" என்றார் சித்தப்பா.

பழைய எஞ்சின் ஒயில் குடித்து நீலப் புகை விட்டதால், கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ஜப்பானில் பாவித்துக் கழற்றிய ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்றை எடுப்பித்துப் பூட்டியிருக்கிறார். அதே 5ஏ எஃப்இ, 1500 சிசி, பதினாறு வால்வு. எஞ்சினுக்கு மட்டும் 2,80,000 ரூபாய். கனடாவில் இருக்கிற எங்களில் பலர் "அந்தக் காசுக்கு வேறு கார் பார்த்திருக்கலாமே" என்று இலகுவாகச் சொல்லிவிடுவோம். 2020 பங்குனியில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 மாசியில்தான், அதுவும் பெரிய வரியோடு. அந்த ஐந்து வருடமும் ஊரில் இருந்தவர்கள் கையிலிருந்த பழைய காரைத்தான் உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. சித்தி கண் கிளினிக்குக்குப் போய் வருவதும் இந்தக் காரில்தான். எஞ்சின் மாற்றியதில் எந்தப் பிழையும் இல்லை. மாற்றிய பிறகு நடந்ததுதான் என்னை வருத்தியது.

நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. ரொறொன்ரோவில் என்னுடைய வாகனத்தின் பிரேக், பிளக், சென்சர் வேலைகளை நானே செய்து பழகியவன், அவ்வளவுதான். ஆனால் ஒன்று தெரியும்: நாலு மாதம் ஓடியும் குறையாத நடுக்கம் ஓடி ஓடிச் சரிவராது. எஞ்சினுக்குள் பிஸ்டன் வளையங்கள் படிவதற்குக் கொஞ்சத் தூரம் ஓட வேண்டும் என்பது உண்மை. அது ஒயில் குடிப்பதோடு சம்பந்தப்பட்ட விஷயம், ஒரு சிலிண்டர் பற்றாமல் மிஸ் அடிப்பதற்குச் சொல்லும் காரணம் அல்ல.

முதலில் பூட்டின கராஜுக்கே கொண்டுபோனோம். அங்கிருந்த தம்பி, எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ரொட்டில் பொடியிலுள்ள திருகாணியை இரண்டு திருப்புத் திருப்பினார். எஞ்சின் நிமிடத்துக்கு 1100 சுற்றுக்கு ஏறியது, நடுக்கம் குறைந்தது. "இப்ப சரி அண்ணை" என்றார். வெளியே வந்து ஓட்டோ கியரை டியில் போட்டால் பிரேக்கை மீறிக் கார் முன்னுக்குத் தள்ளுகிறது. நோயை அப்படியே விட்டுவிட்டுக் காய்ச்சலை மட்டும் குறைத்த மாதிரியான வேலை. வேகம் கூடினால் இந்த மாதிரி நடுக்கம் மறையும். பெற்றோல் மட்டும் கூடப் போகும்.

இரண்டாவது இடத்தில் நாலு பிளக், பிளக் வயர் செட், பெற்றோல் ஃபில்டர். 26,000 ரூபாய். நடுக்கம் அப்படியே. மூன்றாவது இடத்தில் ஸ்கானர் பிடித்துப் பார்க்கலாம் என்றார்கள். நானும் கனடாவிலிருந்து காரின் கொம்பியூட்டரிலுள்ள பிழைகளை வாசிக்கும் ஒரு ஓபிடி ஸ்கானர் கொண்டுவந்திருந்தேன். இரண்டையும் செருக அந்தக் காரில் இடமே இல்லை. பொனெட்டுக்குக் கீழே ரொயோட்டாவின் பழைய சோதனைப் பெட்டிதான் இருக்கிறது. ஸ்கானர் வேலை செய்யவில்லை என்றதும் அவர்கள் சொன்ன அடுத்த வார்த்தை, "கொம்பியூட்டர் பெட்டியை மாத்திப் பாப்பம், 45,000 வரும்." சித்தப்பா காசெடுக்கக் கையை விட்டார். நான் மறித்து, காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த மூன்று இடத்திலும் யாரும் எங்களை ஏமாற்ற நினைத்ததாக நான் சொல்லமாட்டேன். ஊரில் ஒரு மெக்கானிக்குக் காசு கிடைப்பது இரண்டு வழியில்: சாமான் மாற்றினால், அல்லது கழற்றிப் பூட்டினால். மூன்று மணித்தியாலம் நின்று யோசித்து "இதுதான் பிழை" என்று கண்டுபிடிப்பதற்குக் கூலி என்று ஒன்று அங்கே இல்லை. யாரும் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதும் இல்லை. ரொறொன்ரோ கராஜில் பிழை கண்டுபிடிக்க மட்டும் ஒரு மணி நேரக் கூலி வாங்குவார்கள், எங்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். அந்தக் காசு எதற்கு என்று எனக்கு இந்தமுறைதான் விளங்கியது.

அன்றிரவு ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினேன். குளிரில் எப்படி, சூட்டில் எப்படி, ஏசி போட்டால், டியில் போட்டால், ரேஸ் பண்ணினால். குளிரில் நடுக்கம் குறைவு, சூடேறினால் அதிகம். 1500 சுற்றுக்கு மேல் ஒன்றுமே இல்லை. அடுத்த நாள் சித்தப்பாவின் கூட்டாளி ஒருவர், சுன்னாகப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கும் ஒரு ஐயாவிடம் போகச் சொன்னார்.

பெயர்ப்பலகை இல்லாத இடம். மாமரத்துக்குக் கீழே தகரக் கொட்டில், அறுபதைத் தாண்டிய மனிதர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது வயது வந்தவர்களுக்கு நினைவிருக்கும். கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இவர் தொழில் பழகியது அந்தக் காலத்தில். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் எப்போது அடிபடும், எப்போது மூச்சு விடும் என்று காதால் பழகிய தலைமுறை.

அவர் பொனெட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார். நான் கொப்பியைக் கொடுத்தேன். வடிவாக வாசித்துவிட்டு, "சூடேறினாப் பிறகுதான் கூட எண்டால் காத்துப் பக்கம் ஒருக்காப் பாக்கோணும் தம்பி. ஆனா முதல்ல மற்றதுகளைத் தள்ளுவம்" என்றார்.

மற்றதுகளைத் தள்ளுவது என்ற அந்த வேலையைத்தான் மற்ற மூன்று இடத்திலும் ஒருவரும் செய்யவில்லை. சோதனைப் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு துளையையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்தார். செக் விளக்கு ஒரே சீராக மினுங்கியது. கொம்பியூட்டரில் எந்தப் பிழையும் பதிவாகவில்லை என்பது அதன் பொருள். ஒரு துண்டு வயர் 45,000 ரூபாயை மிச்சம் பிடித்தது. வயரைக் கழற்றாமலே, பிளக்கில் பொறி விழும் நேரத்தைக் காட்டும் ரைமிங் லைட்டைப் பிடித்தார். இந்த எஞ்சினுக்கு அப்படி இணைத்து வைத்துப் பார்க்கும்போது 10 பாகை நிற்க வேண்டும், எங்கள் காரில் அதைத் தாண்டி நின்றது. பூட்டியவர்கள் இணைக்காமலே கண்மட்டத்துக்கு, பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். அதை 10க்குக் கொண்டுவந்தார். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

பிறகு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெற்றோல் அடிக்கும் இன்ஜெக்டர்களின் வயர் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றைக் கழற்ற எஞ்சின் விழப் பார்த்தது. இரண்டிலும் அப்படி. மூன்றாவதைக் கழற்ற ஒரு மாற்றமும் இல்லை. நாலாவதைக் கழற்ற நின்றே விட்டது. ஆக, மூன்றாவது சிலிண்டர் ஐடிலில், அதாவது கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தில், வேலையே செய்யவில்லை. மூன்றாவதின் பிளக்கையும் வயரையும் நாலாவதோடு மாற்றிப் பார்த்தார், பிழை மூன்றிலேயே நின்றது. நெருப்புப் பக்கம் சரி. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்பிரஷன் மானியைப் பூட்டினோம்: 172, 170, 168, 171. வால்வும் வளையமும் சரி. சித்தப்பாவின் முகத்தில் அந்த நேரத்தில்தான் வெளிச்சம் வந்தது. 2,80,000 ரூபாய் வீண் போகவில்லை என்பது அவருக்கு அந்த நாலு இலக்கத்தில் தெரிந்தது. நீளமான ஸ்க்ரூ ட்ரைவரை இன்ஜெக்டரில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். டிக் டிக் என்று அடிக்கிறது.

மிச்சம் காற்று. இந்தக் காரில் காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் முன்னால் இல்லை, டாஷ்போர்ட் பக்கம் ஒளிந்திருக்கும். இன்ஜெக்டர்கள் அதற்கும் கீழே. எட்டிப் பார்க்கவே கஷ்டம், அதனால்தான் யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் ஈரச் சாக்கும் தீயணைப்பானும் எடுத்து வைத்துவிட்டு, மெல்லிய குழாய் பூட்டிய கார்புரேட்டர் கிளீனரை மூன்றாவது இன்ஜெக்டரின் அடியில் ஒரு சொட்டு அடித்தார். எஞ்சின் சத்தம் மாறியது. இரண்டு விநாடி சீராக ஓடிவிட்டுத் திரும்ப நடுங்கியது. மற்ற மூன்றிலும் அடித்தார், ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப மூன்றில் அடித்தார், திரும்பச் சீரானது. நான் என்னையறியாமல் கைதட்டிவிட்டேன்.

இதன் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்த எஞ்சின் காற்றை நேராக அளப்பதில்லை. இன்டேக் மனிஃபோல்டிலுள்ள அழுத்தத்தை அளந்து, நாலு சிலிண்டருக்கும் ஒரே அளவு பெற்றோல் கொடுக்கிறது. மூன்றாவது இன்ஜெக்டரின் அடி ரப்பர் வெடித்திருந்தால், அந்தச் சிலிண்டருக்கு மட்டும் கணக்கில் வராத காற்று போகும். பெற்றோல் அதே அளவு, காற்று அதிகம். கலவை மெலிந்து பற்றாமல் போகிறது. ரேஸ் பண்ணும்போது போகிற மொத்தக் காற்றோடு ஒப்பிட்டால் அந்தக் கசிவு ஒன்றுமே இல்லை, அதனால் நடுக்கம் மறைகிறது. குளிரில் கொம்பியூட்டர் தானாகவே பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும், அதனால் குளிரில் குறைவு. கொப்பியில் நான் எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் இதோடு பொருந்தியது.

கழற்றினால், ரப்பர் வளையம் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போய் ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. அந்த ரீகண்டிஷன் எஞ்சினோடு வந்த பழைய ரப்பர். பூட்டும்போது இன்ஜெக்டரைச் சரிவாக அமத்தியிருக்கிறார்கள். ஐயா சொன்னார்: "எஞ்சின் வெளியில இருக்கேக்க மாத்தியிருந்தா பத்து நிமிச வேலை. ரீகண்டிஷன் எஞ்சின் பூட்ட முதல் ரப்பர் எல்லாம் மாத்தோணும், ரைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், சீல். அப்பதான் அது எஞ்சின்."

ஸ்ரான்லி வீதியில் நாலுக்கும் ரப்பர் செட் வாங்கி வந்தேன், 4,800 ரூபாய். ஒவ்வொன்றிலும் ஒரு துளி எஞ்சின் ஒயில் தடவி, நேராக அமத்திப் பூட்டினார். கூடவே இன்னொரு குறையும் கண்ணில் பட்டது: எஞ்சினிலிருந்து பொடிக்கு வரும் பழைய ஏர்த் வயர் திரும்பப் பூட்டப்படவே இல்லை. எஞ்சின் மாற்றிய வாகனங்களில் அடிக்கடி விடுபடுவது அது என்றார். த்ரொட்டில் பொடியைக் கழுவி, அந்தத் திருகாணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். 750 சுற்றில் நின்றது. பிள்ளையார் அசையவில்லை. ஏசியைப் போட்டோம், தானாகவே கொஞ்சம் ஏறி நின்றது.

காலை ஒன்பது மணிக்குப் போனது, முடிய நாலு மணி. கூலி 3,000 ரூபாய் கேட்டார். அந்த முழு நாளுக்கும், முப்பது வருடக் காதுக்கும் 3,000. நான் 15,000 கொடுக்க, "பூட்டின கூலிதானே தம்பி" என்று திருப்பித் தந்தார். பூட்டியதற்கு இல்லை ஐயா, கண்டுபிடித்ததற்கு என்று சொல்லித்தான் அவர் கையில் வைத்தேன். கனடாக் காசு காட்டுவதாக யாராவது நினைத்தால் நினைக்கட்டும். கண்டுபிடிப்புக்குக் கூலி என்று ஊரில் ஒன்று உருவாகாவிட்டால், இப்படியான கைகள் அடுத்த தலைமுறையில் இருக்காது. அவருடைய மகனே இந்தத் தொழிலை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஊரில் எஞ்சின் மாற்ற இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். புது எஞ்சினின் இலக்கம் வாகனப் பதிவுப் புத்தகத்தில் மாற்றப்பட வேண்டும். சித்தப்பாவிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைத் தேடி எடுத்து, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கும் வேலை இன்னும் நடக்கிறது. கார் விற்கும் நாளில் இது பெரிய தலையிடியாகும். எஞ்சின் வாங்கும்போதே அதற்குரிய கடதாசிகளையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த புகைப் பரிசோதனையைப் பற்றிச் சித்தப்பாவுக்கு இப்போது பயமில்லை. ஒரு சிலிண்டர் பற்றாமல் எரியாத பெற்றோலை வெளியே தள்ளிக்கொண்டிருந்த கார் எப்படிச் சித்தியடையும் என்று அவர் அதுவரை யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

புறப்படும் முதல் நாள் ஐயாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, இன்டேக்கின் உறிஞ்சலை அளக்கும் வக்கூம் மானி ஒன்று இருந்தால் இந்த மாதிரி வேலையைப் பாதி நேரத்தில் முடிக்கலாம் என்றார். ஸ்காபரோவில் வாங்கி வைத்திருக்கிறேன், மார்கழியில் போகும் மச்சானிடம் கொடுத்துவிட வேண்டும். நேற்றுத் தொலைபேசியில் கதைத்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, அங்குலக் கணக்குப் போட்டதாத்தானே வாங்கினீங்கள்? எனக்கு அதுதான் கண்ணுக்குப் பழக்கம்."